கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

அருங்காட்சியகத்தில் கலைப்பொருள்களைத் தேர்ந்து திரட்டி, பாதுகாத்து, ஆராய்ந்து, அவற்றின் பொருளை மக்களுக்கு விளக்குபவரைக் காப்பாட்சியர் என்பர். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சிலை தானாகப் பேசாது. அதை யார் செய்தார், எதற்காகச் செய்தார், அதன் ஒவ்வோர் அசைவுக்கும் என்ன பொருள் என்பதை அறிந்த ஒருவர் எடுத்துரைக்க வேண்டும். ஆசியக் கலைகளுக்காக அப்பணியை உலக அரங்கில் செய்து காட்டியவர் தமிழ் மரபில் வந்த ஆனந்த குமாரசுவாமி. அமெரிக்காவின் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவர் முப்பது ஆண்டுகள் பணியாற்றினார்.

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி, இலங்கைச் சட்டசபையில் தமிழர்களின் பிரதிநிதியாக விளங்கியவர். அரிச்சந்திரன் கதையை நாடகமாக ஆங்கிலத்தில் தந்த புலமையாளர். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்து நாட்டவர். குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது தாயார் அவரை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். பின்னால் செல்லவிருந்த தந்தையார் 1879ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பிலேயே காலமானார். அதனால் இரண்டு வயது நிரம்புமுன்பே தந்தையை இழந்த ஆனந்தர், தாயின் நாட்டில் வளர்ந்தார்.

பள்ளிப் பருவத்தில் அவருடைய மனத்தைக் கவர்ந்தவை கல்லும் மண்ணும் செடியும் கொடியும்தாம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900ஆம் ஆண்டில் சிறப்பாகத் தேர்ச்சி பெற்றார். இலங்கைக்குத் திரும்பிய அவர், 1903ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டு வரை அந்நாட்டின் கனிமவள ஆய்வுத் துறைக்கு இயக்குநராகப் பொறுப்பு வகித்தார். தோரியம் செறிந்த தோரியானைட் என்ற கனிமம் அறிவியல் உலகுக்குத் தெரிய வந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. இளம் அறிவியலாளர் ஒருவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறு என்ன வேண்டும்?

ஆயினும், கனிமங்களைத் தேடி அவர் சென்ற ஊர்கள் அவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றின. கண்டிப் பகுதிக் கிராமங்களில் தச்சர், கொல்லர், குயவர், நெசவாளர், ஓவியர் எனப் பல கைவினைஞர்களை அவர் கண்டார். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அவர்களின் தொழில் நலிந்து கொண்டிருந்தது. ஆலைகளில் செய்த மலிவான பொருள்கள் சந்தையை நிறைத்தன. படித்தவர்களோ தம் நாட்டு உடையையும் பழக்கத்தையும் தாழ்வாக எண்ணினர். பாறைகளுக்குள் இருக்கும் செல்வத்தைக் கணக்கெடுக்க வந்தவர், கண்முன்னே அழிந்துகொண்டிருந்த மற்றொரு செல்வத்தைக் கண்டு வருந்தினார்.

அவர் வருந்தியதோடு நின்றுவிடவில்லை. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்து, ஐரோப்பியப் பழக்கங்களைச் சிந்திக்காமல் பின்பற்றுவதைக் கண்டித்தார். பள்ளிகளில் தமிழும் சிங்களமும் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். துணைவியார் எத்தல் ஒளிப்படங்கள் எடுக்க, தாம் கைவினைஞர்களிடம் கேட்டறிந்த செய்திகளைக் குறிப்பெடுத்தார். இங்கிலாந்து திரும்பியபின் அக்குறிப்புகளை விரித்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908ஆம் ஆண்டில் வெளியிட்டார். கைவினையின் பெருமையைப் பேசும் அந்நூல் கையால் இயக்கும் அச்சு இயந்திரத்தில் அச்சாயிற்று. அச்சிட்ட படிகள் 425 மட்டுமே. அவ்வேலை ஏறத்தாழப் பதினைந்து மாதங்கள் நீடித்தது.

அக்காலத்தில் மேலைநாட்டு அறிஞர் பலர், இந்தியர்களிடம் கைத்தொழில் உண்டு, உயர்ந்த கலை இல்லை என்று கருதினர். தெய்வச் சிலைகள் உண்மையான மனித உடலைப் போல் இல்லை என்பது அவர்கள் கண்ட குறை. 1910ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த கூட்டம் ஒன்றில் புத்தர் சிலையை ஒருவர் இழிவாகப் பேசியது கலை அன்பர்களைப் புண்படுத்தியது. அதே ஆண்டில் இந்தியக் கலையின் சிறப்பை உணர்த்துவதற்காக இந்தியச் சங்கம் அங்கே தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் குமாரசுவாமியும் ஒருவர். ஒரு நாட்டின் கலையை மற்றொரு நாட்டின் அளவுகோலால் அளப்பது முறையன்று என்பது அவருடைய உறுதியான கருத்து.

பின்னர் அவர் இந்தியாவில் நெடும் பயணம் மேற்கொண்டார். அலகாபாத்தில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் கலைப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாருடன் நெருங்கிப் பழகினார். வட இந்தியாவின் பல ஊர்களில், யாரும் பொருட்படுத்தாத சிறிய ஓவியங்களைத் தேடிச் சேர்த்தார். அவற்றையெல்லாம் முகலாய ஓவியங்களின் வகை என்றே அதுவரை பலர் நினைத்திருந்தனர். அரசவை வாழ்வைத் தீட்டிய முகலாய ஓவியம் வேறு. பக்தியையும் காதலையும் இசையையும் பாடிய இராஜபுத்திர ஓவியம் வேறு என்பதை அவர் சான்றுகளுடன் நிறுவினார். 1916ஆம் ஆண்டில் அவர் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூல் அத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று.

தாம் சேர்த்த செல்வத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைந்தால் தம் தொகுப்பு முழுவதையும் அதற்கு வழங்க முன்வந்தார். ஆனால், அதற்கான கட்டடத்தை எழுப்பப் பொருளுதவி கிட்டவில்லை. அந்த வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. விடுதலை பெறாத இந்தியாவைச் சேர்ந்தவன் என்ற முறையில் பிரிட்டிஷ் படையில் சேர அவர் மறுத்தார். அதனால் இங்கிலாந்தில் வாழ்வதும் கடினமாயிற்று.

அவ்வேளையில் போஸ்டன் நகரக் கலை ஆர்வலர் டென்மன் ராஸ் அத்தொகுப்பை வாங்கி, அங்குள்ள நுண்கலை அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். 1917ஆம் ஆண்டில் குமாரசுவாமியே அதன் இந்தியப் பிரிவுக்குக் காப்பாட்சியராக அமர்த்தப்பட்டார். அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் இந்தியக் கலைக்கெனத் தனிக் காப்பாட்சியர் அமர்ந்தது அதுவே முதன்முறை. பிறந்த மண்ணின் பக்கம் நிலைபெற வேண்டும் என்று அவர் எண்ணிய ஓவியங்கள் கடல் கடந்தன. அவற்றை விளக்க வல்லவரும் அவற்றோடு சென்றார். அவை சிதறிப் போகாமல் ஒரே இடத்தில் காக்கப்பட்டது ஆறுதல். தாயகம் அவற்றை இழந்தது இழப்பு. இவ்விரண்டும் ஒருங்கே உண்மை.

போஸ்டனில் அவர் ஆற்றிய பணி பெரிது. ஒவ்வொரு பொருளையும் ஆராய்ந்து, 1923ஆம் ஆண்டு முதல் விரிவான பட்டியல் நூல்களை வெளியிட்டார். வடமொழி, பாலி, கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளின் மூலநூல்களைப் படித்துச் சிற்பங்களின் பொருளைக் கண்டறிந்தார். புத்தர் உருவம் கிரேக்கச் சிற்பிகளின் வழியாகவே தோன்றியது என்ற கொள்கையை மறுத்து, அதன் வேர் இந்திய மண்ணிலேயே இருப்பதாக 1927ஆம் ஆண்டில் வாதிட்டார். அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய கலை வரலாற்று நூல், இந்தியா, இலங்கை ஆகியவற்றோடு கம்போடியா, சயாம், சுமத்ரா, ஜாவா ஆகிய நிலங்களின் கலைகளையும் ஒரே பரப்பில் வைத்து ஆராய்ந்தது.

நடராசர் திருவுருவத்துக்கு அவர் தந்த விளக்கம் உலகப் புகழ் பெற்றது. சைவ சித்தாந்த நூல்களைத் துணையாகக் கொண்டு அவர் அதை எழுதினார். உடுக்கை படைப்பையும், அமைந்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். ஓயாமல் இயங்கும் அண்டத்தின் தாளமே அந்நடனம் என்றார். தமிழ்நாட்டுச் சிற்பிகள் வெண்கலத்தில் வடித்த தத்துவத்தை ஆங்கிலம் அறிந்த உலகம் அவர்வழி உணர்ந்தது. அக்கட்டுரையைத் தலைப்பாகக் கொண்டு பதினான்கு கட்டுரைகள் அடங்கிய நூல் 1918ஆம் ஆண்டு நியூயார்க்கில் வெளிவந்தது.

பழமையை மட்டுமே அவர் போற்றினார் என்று எண்ணுவது தவறு. ஒளிப்படத்தைக் கலையாகக் கருதலாமா என்று பலரும் ஐயுற்ற காலத்தில், ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்னும் ஒளிப்படக் கலைஞரின் 27 படங்கள் 1924ஆம் ஆண்டில் போஸ்டன் அருங்காட்சியகத்தில் இடம்பெற அவர் வழிகோலினார்.

காப்பாட்சியராக இருந்துகொண்டே, அருங்காட்சியகத்தின் குறையையும் அவர் மறைக்கவில்லை. கலைப்பொருள்களை எதற்காகக் காட்சிக்கு வைக்கிறோம் என்ற கேள்வியை எழுப்பி 1941ஆம் ஆண்டில் கட்டுரை ஒன்று எழுதினார். பானை சமைப்பதற்கும் சிலை வழிபடுவதற்கும் துணி உடுத்துவதற்கும் செய்யப்பட்டவை. பேழைக்குள் பூட்டி வைப்பதற்காக எவரும் அவற்றைச் செய்யவில்லை. ஆகவே, அழகைக் கண்டு வியப்பதோடு பார்வையாளர் நின்றுவிடக்கூடாது. அப்பொருளைச் செய்தவரின் தேவையையும் எண்ணத்தையும் அறிய வேண்டும். அதற்கு உதவுவதே காப்பாட்சியரின் கடமை என்று அவர் கருதினார். கலைஞர் என்பவர் தனிவகை மனிதர் அல்லர். தம் தொழிலைச் செம்மையாகச் செய்யும் ஒவ்வொருவரும் கலைஞரே என்பதும் அவர் கொள்கை.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. அதே மாதம் குமாரசுவாமிக்கு எழுபது வயது நிறைந்தது. பணியிலிருந்து ஓய்வு பெற்று, இந்தியாவுக்குச் சென்று அமைதியாக வாழ வேண்டும் என்ற தம் விருப்பத்தை நண்பர்களிடம் அவர் தெரிவித்தார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள், போஸ்டனுக்கு அருகிலுள்ள நீடம் என்னும் ஊரில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் ஆராய்ந்த கலை மரபின் சுவடுகள் நம் நாட்டிலும் உள்ளன. செபராங் ஜெயாவிலிருந்து வடக்கே சென்றால், கெடா மாநிலத்தின் மெர்போக் பகுதியில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தைக் காணலாம். பழங்காலக் கோவில்களின் அடித்தளங்களும் அங்கே அகழ்ந்தெடுத்த பொருள்களும் அவ்விடத்தில் காக்கப்படுகின்றன. அத்தகைய இடங்களைப் படம் எடுத்துக்கொண்டு விரைவாகக் கடந்து செல்வது எளிது. ஒரு செங்கல்லின் முன் சற்று நின்று, இதைச் சுட்டவர் யார், எந்தத் தேவைக்காகச் சுட்டார் என்று கேட்பது கடினம். ஆனந்த குமாரசுவாமி தம் வாழ்நாள் முழுவதும் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.