வழக்கறிஞர் கண்ட வாயு மின்கலம்

நீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். அறிவியல் பாடத்தில் இந்தச் சோதனையை நீங்கள் செய்து பார்த்திருக்கலாம். அப்படிப் பிரிந்த இரண்டு வாயுக்களையும் மீண்டும் சேர்த்தால், செலுத்திய மின்சாரம் திரும்பக் கிடைக்குமா? ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்னர் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் வில்லியம் ராபர்ட் குரோவ். இன்று சாலையில் ஓடும் ஹைட்ரஜன் மகிழுந்துகளின் கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆனால், தொழிலால் அவர் ஒரு வழக்கறிஞர்.

குரோவ் 1811ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் வேல்ஸ் நாட்டிலுள்ள சுவான்சி நகரில் பிறந்தார். செம்பு உருக்கும் உலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஆக்ஸ்பர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1832இல் பட்டம் பெற்றார். 1835இல் வழக்கறிஞரானார். எனினும், உடல்நலம் குன்றியிருந்ததால் நீதிமன்ற வேலையில் முழுமையாக ஈடுபட அவரால் முடியவில்லை. கிடைத்த ஓய்வில் அவருடைய மனம் மின்சார ஆராய்ச்சியின் பக்கம் திரும்பியது.

1839இல் குரோவ் புதுவகை மின்கலம் ஒன்றை உருவாக்கினார். அதில் துத்தநாகம் நீர்த்த கந்தக அமிலத்திலும் பிளாட்டினம் அடர்ந்த நைட்ரிக் அமிலத்திலும் இருந்தன. இரண்டு அமிலங்களுக்கும் இடையே நுண்துளைகள் கொண்ட மண்கலம் தடுப்பாக நின்றது. அன்றிருந்த மற்ற மின்கலங்களைவிட இது வலிமையான மின்சாரத்தைத் தந்தது. அமெரிக்கத் தந்தி நிலையங்கள் பல இதையே பயன்படுத்தின. ஒரு குறை மட்டும் இருந்தது. மின்கலம் வேலை செய்யும்போது பழுப்பு நிற நச்சுப் புகை எழுந்தது. நாளடைவில் தந்தி நிலையங்கள் வேறு மின்கலங்களுக்கு மாறிக்கொண்டன. ஆயினும், இந்தக் கண்டுபிடிப்பு குரோவுக்குப் புகழைத் தந்தது. 1840இல் அவர் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு இலண்டன் கல்விக்கழகம் ஒன்றில் பேராசிரியர் பதவியும் கிடைத்தது.

அவருடைய பெயரை இன்றுவரை நிலைக்க வைத்தது மற்றொரு சோதனை. இரண்டு கண்ணாடிக் குழாய்களைத் தலைகீழாக நிறுத்தி, ஒன்றில் ஹைட்ரஜனையும் மற்றொன்றில் ஆக்சிஜனையும் நிரப்பினார். குழாய்களின் வாய் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருந்தது. ஒவ்வொரு குழாயினுள்ளும் ஒரு பிளாட்டினத் தகடு இருந்தது. இரண்டு தகடுகளையும் கம்பியால் இணைத்தபோது, மின்னோட்டத்தைக் காட்டும் கருவியின் முள் நகர்ந்தது. எந்த உலோகமும் கரையவில்லை, தீயும் இல்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அமைதியாகச் சேர்ந்து நீராயின. மின்சாரம் பிறந்தது. இதே விளைவை அக்காலத்திலேயே சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஷோன்பைன் என்ற வேதியியல் அறிஞரும் கவனித்திருந்தார். இருவரும் நண்பர்கள்.

ஒரு கலத்திலிருந்து கிடைத்த மின்சாரம் மிகவும் சிறியது. ஆகவே, 1842இல் குரோவ் ஐம்பது கலங்களை வரிசையாக இணைத்தார். ஐவர் கைகோத்து நின்றபோது, ஐவரையும் மின்னதிர்ச்சி தாக்கியது! மின்சாரத்தை அளக்க நல்ல கருவிகள் குறைவாக இருந்த காலம் அது. ஆராய்ச்சியாளரின் கைகளே பல வேளைகளில் அளவுகோலாயின. நீங்கள் இதனைச் செய்து பார்க்கக் கூடாது.

பிறகு, அந்த மின்சாரத்தைக் கொண்டே வேறொரு பாத்திரத்திலிருந்த நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டினார். ஒருபுறம் வாயுக்கள் சேர்ந்து நீராகின்றன. மறுபுறம் நீர் பிரிந்து வாயுக்களாகிறது. பார்ப்பதற்கு இது முடிவில்லாத சுழற்சிபோல் தோன்றும். ஆனால், ஒவ்வொரு சுற்றிலும் சிறிது ஆற்றல் வெப்பமாக வெளியேறிவிடும். செலவிட்டது முழுவதும் திரும்பக் கிடைக்காது.

குரோவ் இன்னொன்றையும் கண்டறிந்தார். வாயு, அமிலம், பிளாட்டினம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் மின்சாரம் பிறக்கிறது. தகட்டின் மற்ற பகுதியால் பெரிய பயனில்லை. அதனால், தகட்டின்மேல் நுண்ணிய பிளாட்டினத் துகள்களைப் படியவைத்து, தொடும் பரப்பைக் கூட்டினார். இன்றைய பொறியாளர்களும் இதற்காகவே பாடுபடுகின்றனர். பிளாட்டினம் விலை மிகுந்த உலோகம். குறைந்த பிளாட்டினத்தில் அதிக மின்சாரம் பெறுவது எப்படி என்பதே அவர்களுடைய கவலை.

1846இல் குரோவ் தம் கருத்துகளை நூலாக வெளியிட்டார். வெப்பம், ஒளி, மின்சாரம், காந்தம், இயக்கம் ஆகியவை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறக்கூடியவை என்று அதில் விளக்கினார். நிலக்கரி, விறகு போன்ற மலிவான எரிபொருளின் ஆற்றலை நேரடியாக மின்சாரமாக மாற்ற முடிந்தால், நீராவி இயந்திரத்தைவிடச் சிறந்த ஆற்றல் கிடைக்கும் என்ற விருப்பமும் அவருக்கு இருந்தது. நீராவி இயந்திரமே உலகை ஆண்ட காலத்தில் இது துணிச்சலான எண்ணம்தான்.

அந்த விருப்பம் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. குடும்பத்தைக் காக்க வருமானம் வேண்டியிருந்தது. பேராசிரியர் பதவியை விட்டு, மீண்டும் வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பினார். 1856இல் நஞ்சு கொடுத்துக் கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட வில்லியம் பால்மர் என்ற மருத்துவருக்காக வாதாடிய குழுவில் குரோவும் ஒருவர். இங்கிலாந்து முழுவதும் பேசப்பட்ட அந்த வழக்கில் பால்மருக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது. 1871இல் குரோவ் நீதிபதியானார். மறு ஆண்டு சர் பட்டம் பெற்றார். 1887இல் ஓய்வு பெற்று, 1896 ஆகஸ்டு 1ஆம் நாள் இலண்டனில் காலமானார்.

அவருடைய வாயு மின்கலம் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிட்டது. எரிபொருள் கலம் என்ற பெயர் பின்னர் வந்தது. 1959இல் பிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 5 கிலோவாட் ஆற்றல் தரும் கலத்தை இயக்கிக் காட்டினார். அவருடைய ஆய்வின் வழிவந்த கலங்களே அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரம் தந்தன. கலத்தில் உருவான நீரை விண்வெளி வீரர்கள் குடித்தனர். அவர்கள் சென்ற நிலவில் ஒரு பள்ளத்திற்குக் குரோவின் பெயரும் சூட்டப்பட்டுள்ளது.

நிலவுக்குப் போவதைவிடச் சாலையில் ஓடுவது கடினமாக இருந்தது. 1966இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் எரிபொருள் கலத்தால் ஓடும் வேன் ஒன்றைச் செய்தது. கலங்களும் குழாய்களும் வண்டியின் பின்பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன. 2014இல் டொயோட்டா நிறுவனம் மிராய் என்ற மகிழுந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானிய மொழியில் மிராய் என்றால் எதிர்காலம். சில நிமிடங்களில் ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டு நெடுந்தூரம் ஓடலாம். புகைக்குழாயில் நீர் மட்டுமே வெளியேறும். மின்னேற்றத்திற்காக நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால், நம் சாலைகளில் ஏன் அத்தகைய மகிழுந்துகளைக் காண்பதில்லை? ஹைட்ரஜன் மிகவும் இலேசான வாயு. சாதாரண அழுத்தத்தில் 5 கிலோகிராம் ஹைட்ரஜனை வைக்க ஓர் அறையளவு இடம் வேண்டும். அதனை மகிழுந்தில் அடைக்க, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 700 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு உறுதியான கலன்களும் விலை உயர்ந்த நிரப்பு நிலையங்களும் தேவை. நிலையங்கள் இல்லாததால் மக்கள் வாங்குவதில்லை. மக்கள் வாங்காததால் நிலையங்கள் கட்டப்படுவதில்லை. மேலும், இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது. அப்போது கரியமில வாயுவும் வெளியேறுகிறது. மகிழுந்தில் புகை இல்லை, தொழிற்சாலையில் இருக்கிறது.

நீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் பெறுவது தூய்மையான வழி. ஆனால், குரோவின் பாத்திரங்களில் நடந்ததே இங்கும் நடக்கிறது. நூறு பங்கு மின்சாரத்தைச் செலவிட்டு, ஹைட்ரஜனைப் பிரித்து, அழுத்தி, மீண்டும் மின்சாரமாக்கினால், சக்கரத்தைச் சேர்வது ஏறத்தாழ 30 பங்கு. அதே மின்சாரத்தை மின்கலத்தில் சேமித்து ஓட்டினால் 70 பங்குக்கு மேல் கிடைக்கும். சிறிய மகிழுந்துகளைப் பொறுத்தவரை, இந்தக் கணக்கில் ஹைட்ரஜன் பின்தங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

பேருந்து, பெரிய சரக்குந்து போன்றவற்றின் கணக்கு வேறு. அவற்றுக்குக் கனமான மின்கலங்கள் தேவைப்படும். நெடுநேரம் நிறுத்தி மின்னேற்றவும் வேண்டும். ஒரே பணிமனைக்குத் திரும்பும் பேருந்துகளுக்கு ஒரு நிரப்பு நிலையமே போதும். சரவாக்கில் நீர்மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கிறது. 2019இல் கூச்சிங் நகரில் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் தயாரிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அங்கு ஹைட்ரஜன் பேருந்துகளையும் ஓட்டிப் பார்க்கத் தொடங்கினர்.