எம்டன் மூழ்கடித்த வரைபடங்கள்

கெட்டிக்காரத்தனமா ஏமாத்துற ஆளை நம்ம ஊர்ப் பெரியவங்க எம்டன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல்தான் அந்த எம்டன். அடுத்த மாதமே அது இன்னொரு கப்பலையும் மூழ்கடித்தது. அதில் ஒரு மனிதர் பல வருஷம் சேர்த்த நகர வரைபடங்கள், படங்கள் எல்லாம் இருந்தன. இந்தியாவில் கண்காட்சி வைக்க அனுப்பியவை. மொத்தமும் கடலுக்குள் போச்சு.

அவர் பெயர் பேட்ரிக் கெட்டிஸ். அப்போது வயது 60. மனுஷன் அசரவில்லை. நண்பர்கள் மறுபடி சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, இவர் எஞ்சினியர் கிடையாது. 1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த உயிரியலாளர். எந்தப் பட்டமும் வாங்கவில்லை, ஆனாலும் டண்டீயில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். 1879-ல் மெக்சிகோ போன இடத்தில் கொஞ்ச காலம் பார்வை போய், இருட்டறையில் அடைந்து கிடந்தார். பார்வை திரும்பினாலும் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் உட்கார முடியவில்லை. கவனம் ஊர்கள் பக்கம் திரும்பியது. கல்யாணம் ஆனதும் மனைவி அன்னாவோடு எடின்பரோவின் நெரிசலான பழைய குடியிருப்பிலேயே குடியேறி, அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து வீடுகளைச் சுத்தம் செய்தார், வெள்ளையடித்தார்.

மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். அன்றைய நகராட்சிகளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: நெரிசலான தெருவை இடி, நேராக ரோடு போடு. கெட்டிஸ் சந்து சந்தாக நடந்தார். இடிந்த வீட்டை மட்டும் எடுத்து, அந்த இடத்தைத் திறந்தவெளியாக்கி, மரம் வைத்தாலே போதும் என்று காட்டினார். செலவில் பெரும்பகுதி மிச்சம், சனங்களும் இடம்பெயர வேண்டாம். கொசுவுக்குப் பயந்து குளங்களை மூடச் சொன்னபோது எதிர்த்தார். மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழு காலி. குளம் வெள்ளத்தையும் வாங்கிக்கொள்ளும், ஊரையும் குளிர வைக்கும் என்பது அவர் கணக்கு.

1917 அவரை நொறுக்கியது. மகன் அலஸ்டர் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். இந்தியாவில் நோயில் கிடந்த அன்னாவிடம் அதைச் சொல்லாமலே மறைத்தார். சில வாரங்களில் அன்னாவும் போய்விட்டார். அடுத்து இந்தூரில் பிளேக்கை ஒழிக்க இறங்கினார். தீபாவளி ஊர்வலம் எந்தத் தெரு சுத்தமோ அந்தத் தெரு வழியாத்தான் வரும் என்று அறிவிக்க, ஊரே துடைப்பத்தைத் தூக்கியது. பிறகு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். 1925-ல் டெல் அவிவ் நகரத் திட்டம். 1932-ல் காலமானார்.

சரி, நமக்கென்ன? மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒரே அலகாகப் பார்க்கணும் என்பது அவருடைய அடிப்படைப் பாடம். பொதிகையில் பிறந்து, அம்பாசமுத்திரம் வயல், நெல்லை டவுன், ஸ்ரீவைகுண்டம் அணை தாண்டி புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியை விட அதற்கு நல்ல உதாரணம் வேணுமா? ஆனா நம்ம நில விதிகள் சர்வே நம்பரோடு நின்றுவிடும். மேலே ஒரு குளத்தங்கரையில் மனை பிரித்தால் கீழே யார் வீட்டில் தண்ணீர் ஏறும் என்று எந்த மனை வரைபடமும் சொல்லாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பெய்தபோது தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கிட்டு வந்துச்சு.

விதிகள் மாறாமலும் இல்லை. 1920-ன் சென்னை நகரமைப்புச் சட்டத்துக்குப் பதிலாக 1971-ன் சட்டம் வந்தது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதென்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடுத்தது. அடுத்த ஆண்டு அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2019-ல் சிதறிக் கிடந்த கட்டட விதிகள் ஒன்றாக்கப்பட்டன. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் 10 சதவீதம் பொது இடம் விடணும். அந்த 10 சதவீதம் ஓடை ஓரமா, ஒன்றுக்கும் ஆகாத மூலையா? ரதவீதியில் கீழே கடை, மேலே வீடு என்று காலங்காலமாக இருப்பதை எந்த வண்ணத்தில் அடைப்பது? இதெல்லாம் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நயினார்குளக் கரையிலோ, வேய்ந்தான்குளம் பக்கமோ நடங்க. தண்ணீர் எங்கிருந்து வருது, எங்கே போகுதுன்னு ஒரு தாளில் வரைங்க. நாளைக்கு ஒரு லேஅவுட்டில் கையெழுத்துப் போடப்போவது உங்களில் ஒருத்தர்தான்.