மைக்கேல் பாரடேயின் மாணவப் பருவம்

இலண்டன் மாநகரின் தென்பாலுள்ள நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில், 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், ஜேம்ஸ் பாரடே என்னும் கொல்லருக்கு மகனாய்ப் பிறந்தவர் மைக்கேல் பாரடே. தந்தையார் நோயாளி, இல்லத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. எழுத்தும் கணக்கும் ஓரளவு பயின்றதோடு பள்ளிப்படிப்பு முடிவுற்றது. 1804-இல் ரீபோ என்பவரது புத்தகக் கடையில் ஏவலாளாய்ப் புகுந்து, மறு ஆண்டிலேயே ஏழாண்டு ஒப்பந்தத்தின் மீது நூல் கட்டும் தொழிலைக் கற்கத் தொடங்கினார்.

கட்டுதற்கு வந்த நூல்களைக் கட்டியதோடு அவர் நின்றாரல்லர்; அவற்றைப் படித்தும் வந்தார். பிரிட்டானிக்காக் கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதியும், மார்செட் அம்மையார் உரையாடலாக இயற்றிய இரசாயன நூலும் அவர் உள்ளத்தைப் பிணித்தன. படித்தவற்றை அப்படியே நம்பிவிடாது, சில காசுகளுக்கு வாங்கிய பொருள்களைக் கொண்டு தாமே சோதித்துப் பார்த்தார். 1810 முதல் டேட்டம் என்பார் மாலைவேளைகளில் நிகழ்த்திய விரிவுரைகளுக்கும் சென்றார். அதற்குரிய கட்டணமாகிய ஒரு ஷில்லிங்கைக் கொடுத்துதவியவர், கொல்லுத்தொழில் புரிந்துவந்த தமையனார் இராபர்ட். அத்தமையனாரைப் பற்றி நூல்கள் மிகுதியாகக் கூறவில்லை. கூறியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1812-ஆம் ஆண்டு, கடைக்கு வந்துசெல்லும் டான்ஸ் என்னும் கனவான் இவ்விளைஞரின் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்து, இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞான நிலையத்தில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்தவிருந்த இறுதி விரிவுரைகள் நான்கிற்கு அநுமதிச் சீட்டுகளை அளித்தார். பாரடே மாடத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தார். இல்லம் சேர்ந்தபின் அவற்றை விரித்தெழுதிக் கருவிகளின் படங்களையும் வரைந்து சேர்த்தார். 300 பக்கங்களுக்கு மேற்பட்ட அதனைத் தம் கையாலேயே கட்டி முடித்தார். கற்ற தொழில் இங்ஙனம் உதவிற்று.

விஞ்ஞானப் பணியில் எவ்வளவு தாழ்ந்த இடமாயினும் புகவேண்டும் என்னும் வேட்கை மேலிட, அவர் முதலில் இராயல் சங்கத்தின் தலைவராகிய ஸர் ஜோசப் பாங்ஸுக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தார். மறுமொழி வரவில்லை. நேரிற் சென்று வினவியபொழுது, அதற்கு மறுமொழி எதுவும் தேவையில்லை என்பதே விடையாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் பயிற்சிக்காலம் முடிந்து, வேறொருவரிடம் கூலிக்கு நூல் கட்டும் நிலையும் வந்தது.

எம் விடுதித் தோழர் ஒருவர் பௌதிக மாணவர். விடுமுறைக்கால ஆராய்ச்சிக்கு இடம் வேண்டிப் பலருக்கும் கடிதம் எழுதிவிட்டு, தபால்காரர் வரும் வழியையே நோக்கியிருப்பவர். அவர்பொருட்டே தமிழ் மாணவனாகிய யான் இவ்வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஆதலின் இவ்விடத்திற் சிறிது நின்று நோக்க விரும்புகிறேன்.

டிசம்பரில் பாரடே இரண்டாம் முறை விண்ணப்பித்தார், இம்முறை டேவிக்கு. கடிதத்தோடு, தாம் கட்டிய அக்குறிப்பு நூலையும் உடன் அனுப்பினார். பாங்ஸிடம் சென்றது வேண்டுகோள் ஒன்றே. டேவியிடம் சென்றதோ, அவர்தம் உரையை ஒருவன் எத்துணைக் கருத்தூன்றிக் கேட்டான் என்பதற்குச் சான்று. டிசம்பர் 24-ஆம் நாளே டேவி அன்புடன் மறுமொழி வரைந்தார். எனினும் நேரிற் கண்டபொழுது, இடம் ஏதும் இல்லை, நூல் கட்டும் தொழிலையே பற்றியிருப்பது நன்று என்றே அவர் அறிவுரை கூறினார். வெடிவிபத்தால் டேவியின் கண் புண்பட்டிருந்த நாட்களில், சில தினங்கள் அவருக்கு எழுத்துதவி புரியும் வாய்ப்பு மட்டும் பாரடேக்குக் கிட்டியது.

பின்னர் நிகழ்ந்தது யாரும் எதிர்பாராதது. ஆய்வுச்சாலை உதவியாளன் ஒருவன் சச்சரவு விளைத்து வேலையிழந்தான். டேவிக்கு அவ்விளைஞரின் நினைவு வந்தது. 1813-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், வாரத்திற்கு 25 ஷில்லிங் ஊதியமும், மாடியில் இரண்டு அறைகளும் பெற்றுப் பாரடே அமர்த்தப்பட்டார். குப்பிகளைக் கழுவுதலும், விரிவுரைக்குக் கருவிகளை எடுத்துவைத்தலுமே அவருடைய தொடக்கப் பணிகள். அக்டோபரில் டேவியோடு ஐரோப்பியச் சுற்றுப்பயணம் சென்று, ஆம்பியர், வோல்டா முதலிய பேரறிஞரைக் கண்டார். அப்பயணத்திலேயே டேவியின் மனைவியார் தம்மை வேலைக்காரனாக நடத்தியதையும் பொறுத்துக்கொண்டார். தஸ்கனி நாட்டுச் சுண்ணாம்பைப் பகுத்தாய்ந்த அவரது முதற் கட்டுரை 1816-இல்தான் வெளிவந்தது.

மாணாக்கர் புகழ் வளர, ஆசிரியரின் மனம் சுருங்கிற்று. 1824-இல் பாரடே இராயல் சங்கத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபொழுது, அதனை எதிர்த்து நின்றவர் டேவியே. கட்டைவிரலைக் காணிக்கையாகப் பெற்ற துரோணரையே இஃது எனக்கு நினைவூட்டுகிறது. பாரடேயோ டேவியை இழித்துப் பேசினாரல்லர்.

1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், இரும்பு வளையமொன்றின் இருபுறமும் கம்பிகளைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தினார். தொடுக்கும்பொழுதும் அறுக்கும்பொழுதும் மட்டும், மற்றொரு சுருளோடு சேர்ந்த காந்த முள் அசைந்தது. நம் இல்லங்களுக்கு மின்சாரம் அளிக்கும் இயந்திரங்களெல்லாம் அவ்வசைவின் வழிவந்தவையே.

இராயல் சங்கத்தின் தலைமைப் பதவி தம்மை நாடி வந்தபொழுது அதனை மறுத்துவிட்டார். 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் காலமானார். டேவிக்கு அவர் அனுப்பிய கையெழுத்து நூல் இராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றது.