டார்ஜிலிங்கில் பிறந்த ஸ்கார்லெட்

வங்க நாட்டில் பணிபுரியும் நம் ரயில்வே குடும்பங்களில் டார்ஜிலிங்கைக் காணாதோர் சிலரே. பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு, சிலிகுரியில் இறங்கி, அவ்விடத்துச் சிறிய ரயிலில் மலையேறி, பனியில் நடுங்கியவாறு சூரியோதயம் கண்டு திரும்புவது நம் காலனியில் வழக்கமான விடுமுறைப் பயணம். ஆயினும், அவ்வூரிலே பிறந்த பெண் குழந்தையொன்று பிற்காலத்தில் உலகமே வியந்த நடிகையாயிற்று என்பதை நம்மவரில் பலர் அறியார். விவியன் லீ என்னும் அவ்வம்மையாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் சுருக்கமாகக் கூற முற்படுகிறோம்.

1913-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் டார்ஜிலிங்கில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் விவியன் மேரி ஹார்ட்லி. தந்தை எர்னஸ்ட் ஹார்ட்லி, கல்கத்தாவில் தரகுத் தொழில் நடத்திய ஆங்கிலேயர். நாடகத்தில் பெரும் பற்றுடையவர். முதல் உலகப்போரின்போது அவர் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு மாற்றப்பட, தாயும் மகளும் நம் உதகமண்டலத்தில் தங்கியிருந்தனர். மூன்று வயதிலேயே, தாயார் சார்ந்திருந்த நாடகக் குழுவின் மேடையில் ஏறிப் பாட்டொன்றை ஒப்புவித்தாள் அச்சிறுமி.

இன்ப நாட்கள் நீடிக்கவில்லை. 1920-இல், ஆறு வயதில், இங்கிலாந்தில் ரோஹாம்ப்டன் என்னுமிடத்திலுள்ள கன்னிமாடப் பள்ளியில் அவரைச் சேர்த்துவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினர். கப்பல் வழியன்றி வேறு வழியில்லாத காலம் அது. ஆறு வயதுக் குழந்தைக்கு அப்பிரிவு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை, பிள்ளைகளை ஊரில் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைக்கும் நம் போன்றோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. எம் மூத்த மகளும் கும்பகோணத்தில்தான் படிக்கிறாள். ஆண்டுக்கொருமுறை அவளை வழியனுப்பும் நாளில், வண்டி புறப்படும்வரை அவளும் அழுவதில்லை, நாமும் அழுவதில்லை.

பள்ளிப் பருவத்திலேயே தாம் நடிகையாக வேண்டுமென்ற உறுதி அவருள்ளத்தில் வேரூன்றிவிட்டது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் பயின்றபின் லண்டன் திரும்பி, நாடகக் கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1932-இல் தம்மினும் பதின்மூன்று ஆண்டு மூத்த ஹெர்பர்ட் லீ ஹோல்மன் என்னும் வழக்கறிஞரை மணந்தார். மறு ஆண்டு சூசன் என்னும் பெண் குழந்தை பிறந்தது. மனைவி இல்லத்தில் அமைந்திருக்க வேண்டுமென்பது கணவரின் விருப்பம். மேடை ஏற வேண்டுமென்பது மனைவியின் விருப்பம். மனைவியின் விருப்பமே வென்றது. கணவரின் பெயரிலிருந்தே 'லீ' என்பதை எடுத்துத் தம் நடிப்புப் பெயராக்கிக்கொண்டார். 1935-இல் லண்டன் மேடையில் ஒரே நாடகத்தால் புகழ் பெற்றார்.

பின்னர், மணமான நடிகரான லாரன்ஸ் ஒலிவியர்பால் அவர் மனம் சென்றது. இருவரும் தத்தம் இல்லங்களைத் துறந்தனர். குழந்தை சூசன் தந்தையின் பொறுப்பிலாயினாள். தாயைப் பிரிந்து வாடிய சிறுமி, தாயானபின் தன் மகளைப் பிரிந்தாள். இதனை நாம் போற்றுவதற்கில்லை, மறைப்பதற்குமில்லை.

அக்காலத்தே, 1936-இல், மார்கரெட் மிச்சல் என்னும் அமெரிக்க அம்மையார் எழுதிய 'கான் வித் தி விண்ட்' நாவல் வெளிவந்து பெரும் பரபரப்பூட்டியது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அனைத்தையும் இழந்தும் பணிய மறுக்கும் ஸ்கார்லெட் ஓஹாரா என்னும் பிடிவாதக்காரியின் காதற்கதை அது. படமெடுக்க முனைந்த டேவிட் செல்ஸ்நிக், அவ்வேடத்துக்கு ஏற்றவரை ஈராண்டுக் காலம் அமெரிக்கா முழுதும் தேடினார். நாவலைப் படித்த நாள் முதல் அவ்வேடம் தமக்கே உரியதென்று விவியன் எண்ணியிருந்தார். 1938-இன் இறுதியில் கடல் கடந்து ஹாலிவுட் சேர்ந்தார். டிசம்பர் 10-ஆம் நாள் இரவு, அட்லாண்டா நகரம் எரியும் காட்சியைக் கதாநாயகி இல்லாமலே படமாக்கிக்கொண்டிருந்த வேளையில், தயாரிப்பாளரிடம் அவர் அறிமுகப்படுத்தப்பட்டார். சோதனைப் படப்பிடிப்பின்பின் வேடம் அவருடையதாயிற்று. ஆங்கிலப் பெண்ணுக்கு இவ்வேடமா என்று அமெரிக்கரில் சிலர் முணுமுணுத்தனர்.

படப்பிடிப்புத் தொடங்கிச் சில வாரங்களில் இயக்குநர் ஜார்ஜ் குகர் நீக்கப்பட்டு விக்டர் பிளெமிங் அமர்த்தப்பட்டார். விவியன் அஞ்சவில்லை, ஓய்வு நாட்களில் குகர் இல்லத்துக்கு மறைவாகச் சென்று, தம் நடிப்புக்கு அறிவுரை பெற்றுவந்தார். 1939 டிசம்பரில் வெளிவந்த அப்படம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடுவது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே படத்துக்காகத் துணைநடிகைப் பரிசு பெற்ற ஹாட்டி மெக்டேனியல், நீக்ரோ இனத்தவர் என அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களுள் ஆஸ்கார் பெற்ற முதல்வர். அட்லாண்டாவில் நடந்த முதற் காட்சிக்கு, நிறவேற்றுமைச் சட்டங்களால் அவர் வர இயலவில்லை. அடிமைமுறையின் கொடுமையை அப்படம் மென்மையாக்கிக் காட்டிற்று என்னும் குறை நியாயமானதே.

1940-இல் விவியனும் ஒலிவியரும் மணந்தனர். புகழோடு நோயும் வந்தது. முதலில் காச நோய். அதனினும் கொடியதாக, கிளர்ச்சியும் சோர்வும் மாறிமாறி வருத்தும் மனநோய். அந்நாளைய மின்னதிர்ச்சிச் சிகிச்சைகளையும் தாங்கினார். இத்தனைக்கும் இடையில், 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' என்ற 1951-ஆம் ஆண்டுப் படத்தில் மனம் சிதையும் பெண்ணாக நடித்து இரண்டாம் ஆஸ்காரையும் பெற்றார். 1953-இல் தேயிலைத் தோட்டக் கதையான 'எலிபண்ட் வாக்' படத்துக்காக இலங்கை வந்தார். அங்கே நோய் முற்றியது. எலிசபெத் டெய்லர் அவ்வேடத்தை ஏற்றார். தொலைவிலிருந்து எடுத்த சில காட்சிகளில் மட்டும் இன்றும் விவியனைக் காணலாம். தேயிலை மலையில் பிறந்தவரைத் தேயிலை மலையே வீழ்த்தியது போலும்!

வீழ்ந்தவர் எழுந்தார். மீண்டும் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார். 1957-இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் நாடக அரங்கை இடிக்க முயன்றபோது தெருவில் ஊர்வலம் சென்றார். பிரபுக்கள் சபையின் பார்வையாளர் பகுதியில் எழுந்து நின்று எதிர்ப்புக் கூறி வெளியேற்றப்பட்டார். அரங்கு இடிபட்டது, எனினும் அவர் வாய்மூடி இருக்கவில்லை.

1960-இல் ஒலிவியருடன் மணமுறிவு ஏற்பட்டது. முதற் கணவர் ஹோல்மனோ இறுதிவரை உற்ற நண்பராகவே விளங்கினார். 1967 ஜூலை 8-ஆம் நாள், காச நோய் மீண்டும் பற்றியிருந்த நிலையில், தம் 53-ஆம் வயதில் லண்டனில் விவியன் காலமானார்.

விரும்பியதை அடைந்தவர் அவர். அதற்குரிய விலையைத் தாமும் செலுத்தினார், பிறரையும் செலுத்தவைத்தார். அவர் வாழ்க்கையை முழுதும் பின்பற்றுமாறு நம் பெண்மக்களுக்குக் கூறோம். நோயுற்ற உடலோடும் உள்ளத்தோடும் மீண்டும் மீண்டும் மேடையேறிய அத்திண்மையை மட்டும் கற்கலாம். அடுத்தமுறை டார்ஜிலிங் செல்லும் அன்பர்கள், பனிமூடிய அம்மலைப்பாதையில், கப்பலேறிப் போன அந்த ஆறு வயதுக் குழந்தையை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக.