பெட்போர்டுச் சிறையாளர்: ஜான் பன்யன்

தமிழ் பயிலும் கிறிஸ்தவ மாணவருள் இரட்சணிய யாத்திரிகத்தின் பெயரைக் கேளாதார் இலர். திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த கரையிருப்பில் 1827-ஆம் ஆண்டில் வைணவக் குடியிலே பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்கள் இயற்றிய அப்பெருங்காப்பியம் 1894-இல் அச்சேறியது. அதற்கு முதனூல் ஆங்கிலத்திலுள்ள மோட்சப் பிரயாணம் என்பதும், அதனை ஆக்கியவர் ஜான் பன்யன் என்பதும் யாவரும் அறிந்தனவே. ஆயின், அவ்வாசிரியர் பல்கலைக் கழகத்து வாயிலையும் மிதியாத ஒரு கன்னார் என்பதும், மனச்சாட்சியின் பொருட்டுப் பன்னிரண்டு ஆண்டு சிறையிற் கிடந்தவர் என்பதும், அவரைச் சிறையில் வைத்தவர்களும் கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்தவர்களே என்பதும் நம்மிற் பலர் ஊன்றி நினையாதவை. உபத்திரவம் என்றவுடன் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளையும் சிங்கங்களையும் நினைக்கும் நமக்கு, இவர் சரித்திரம் வேறொரு பாடம் புகட்டும்.

பன்யன் இங்கிலாந்து தேசத்திலே பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஞானஸ்நானம் பெற்ற நாள் 1628 நவம்பர் 30. தந்தையார் பாத்திரங்களுக்குப் பொத்தலடைத்துப் பிழைத்த எளியவர். மகனும் அத்தொழிலையே கற்றார். எழுதவும் வாசிக்கவும் சிறிது பயின்றதன்றி அவருக்கு வேறு கல்வியில்லை. 1644-இல் தாயும் தங்கையும் ஒரு திங்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். அவ்வாண்டிலேயே, அரசருக்கும் பார்லிமெண்டுக்கும் நிகழ்ந்த உள்நாட்டுப் போரில், பதினாறு வயதினரான அவர் பார்லிமெண்டுச் சேனையிற் சேர்ந்தார். ஒருகால் முற்றுகைக்குச் செல்ல அவரைக் குறித்திருந்தபோது, வேறொரு வீரன் அவரிடத்திற்குத் தானே விரும்பிச் சென்று குண்டுபட்டு மாண்டான். இந்நிகழ்ச்சியைப் பன்யன் என்றும் மறந்திலர்.

ஊர் திரும்பி மணம் புரிந்தபோது, இருவருக்கும் தட்டுமுட்டு என்று சொல்லத்தக்கது யாதுமில்லை. மனைவியார் கொணர்ந்த சீதனம், தம் தந்தையார் விட்டுச் சென்ற இரண்டு பக்தி நூல்களே. அவற்றை இருவரும் கூடிப் படித்தனர். ஊரார் அஞ்சும்படி ஆணையிட்டுத் திட்டும் வழக்கமுடையவர், மெல்ல மெல்ல அதனை விட்டார். ஓய்வு நாளின் விளையாட்டையும், கூத்தையும், கோயில் மணியடிக்கும் இன்பத்தையும் விட்டார். ஊரார் வியந்தனர், அவருள்ளமோ அமைதியடையவில்லை. ஒருநாள் தொழிலின் நிமித்தம் பெட்போர்டுத் தெருவழியே செல்கையில், ஏழைப் பெண்கள் சிலர் வாசலில் வெயில் காய்ந்துகொண்டு, தேவன் தங்கள் இருதயத்திற் செய்த கிரியையைக் குறித்துப் பேசி மகிழக் கேட்டார். தமக்கு இல்லாத ஒன்று அவர்களுக்கு உண்டென்பதை அக்கணமே உணர்ந்தார். நெடுங்காலம் ஐயத்தோடும் பயத்தோடும் போராடியபின், அப்பெண்கள் சார்ந்திருந்த சபையிற் சேர்ந்தார். அதன் போதகர் ஜான் கிப்பர்டு, முன்னர் அரசர் பக்கத்துப் படையிற் பணிபுரிந்து மரணத் தீர்ப்புக்குத் தப்பியவர். சில ஆண்டுகளில் பன்யனும் பிரசங்கிக்கத் தொடங்கினார். கன்னாரின் உபதேசத்தைக் கேட்கச் சுற்றூர் மக்கள் திரண்டனர்.

1658-இல் முதல் மனைவியார் நான்கு குழந்தைகளை விட்டு இறந்தார். மூத்த மகள் மேரி பிறவிக் குருடு. அடுத்த ஆண்டில் எலிசபெத்து என்னும் இளமங்கையைப் பன்யன் மணந்தார். 1660-இல் இரண்டாம் சார்லஸ் அரசு கட்டிலேறினார். அதுகாறும் ஆண்டவர்களால் நெருக்குண்ட அரசாங்கத் திருச்சபையார் அதிகாரம் பெற்றனர். அவர்களோடு இசையாத சபையாரின் கூட்டங்கள் கலகத்தின் விதைகள் எனக் கருதப்பட்டன. 1593-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தூசி தட்டி எடுக்கப்பட்டது. ஊர்க் கோயிலுக்கு வாராது தனிக்கூட்டம் நடத்துவோருக்கு மூன்று மாதச் சிறை. அதன்பின்னும் இணங்காராயின் நாடுகடத்தல். உத்தரவின்றி மீள்வாராயின் தூக்கு. இதுவே அச்சட்டம்.

1660 நவம்பர் 12-ஆம் நாள், சாம்சல் என்னும் ஊரில் ஒரு வீட்டிலே பன்யன் பிரசங்கிக்க வந்திருந்தார். விங்கேட் என்னும் நீதவான் அவரைப் பிடிக்க ஆணை பிறப்பித்திருக்கும் செய்தி முன்னரே எட்டியது. வீட்டுக்காரர் அஞ்சிக் கூட்டத்தைக் கலைத்துவிடலாமோ என்றார். பன்யன் தனியே வெளியிற் சென்று உலாவிச் சிந்தித்தார். தப்பியோட நேரம் இருந்தது. ஆயின் சபைகளுக்குத் தைரியம் கூறிவந்த தாம் முதல் அச்சுறுத்தலிலேயே ஓடினால், புதிதாய் விசுவாசித்த எளியவர் தளர்வர் என எண்ணினார். ஆதலின் மீண்டு வந்து வேதத்தைத் திறந்தார், அந்நிலையிலேயே பிடிபட்டார்.

1661 ஜனவரியில் வழக்கு நடந்தது. இனிப் பிரசங்கியேன் என்று ஒரு வாக்குக் கொடுத்தால் விடுதலை எளிது. அவ்வாக்கை அவர் கொடுத்திலர். இன்று விடுத்தால் நாளை பிரசங்கிப்பேன் என்ற கருத்தையே உறுதியாக வெளியிட்டார். சிறையில் அவரைக் காண வந்த நீதிமன்ற எழுத்தர் பால் காப் என்பவர் பகைமையின்றியே பலவாறு புத்தி கூறினார். அவ்வாண்டு லண்டனில் ஒரு கூட்டத்தார் கிறிஸ்துவின் அரசை நிறுவுவோமென்று வாளேந்திக் கலகம் விளைத்திருந்தனர். அதனால் எல்லாக் கூட்டங்களின்மேலும் ஐயம் எழுந்ததென்பதை எடுத்துரைத்தார். பன்யன் அக்கலகத்தை வெறுப்பதாகக் கூறி, அரசருக்கு அடங்கி நடத்தல் கிறிஸ்தவன் கடமையென ஒப்புக்கொண்டார். ஆயின் சட்டத்திற்குக் கீழ்ப்படிதல் இருவகை என்பது அவர் கொள்கை: மனச்சாட்சி இடந்தருமிடத்துச் செய்து கீழ்ப்படிதல் ஒன்று, இடந்தராதவிடத்து, எதிர்த்துக் கையோங்காமல், விதித்த தண்டனையை ஏற்றுக் கீழ்ப்படிதல் மற்றொன்று. அவர் பின்னதைத் தெரிந்துகொண்டார்.

எலிசபெத்தம்மையாரின் பாடு கணவரின் பாட்டினும் சிறியதன்று. கணவர் சிறைப்பட்ட செய்தியின் அதிர்ச்சியால் காலத்திற்கு முன்னரே பிரசவ வேதனையுற்று, எட்டு நாள் வருந்திப் பெற்ற மகவை இழந்தார். மாற்றாள் பெற்ற நான்கு பிள்ளைகளையும் அன்பர் உதவியால் வளர்த்தார். 1661 ஆகஸ்டில், நீதிபதிகள் தங்கியிருந்த விடுதியின் மேலறைக்குத் தனியே ஏறிச் சென்று, பெரியோர் பலர் நடுவே நின்று கணவருக்காக வழக்காடினார். மாத்யூ ஹேல் என்னும் நீதிபதி மனமிரங்கி, அரசரிடம் மன்னிப்புக் கோருதல் முதலிய வழிகளைக் காட்டினார். ஆயினும் விடுவிக்க இயலவில்லை. அம்மையார் கண்ணீரோடு இறங்கினார்.

இவ்விடத்தில் எம் மனம் சிறிது தடுமாறுகின்றது. தம் துன்பத்தை ஒருவர் தாமே ஏற்கலாம். மனைவி மக்களைத் துன்பத்திற்கு உள்ளாக்க அவருக்கு உரிமை உண்டோ? இவ்வினா பன்யனுக்குத் தோன்றாமற் போகவில்லை. கண்ணிழந்த மேரி குளிரிலும் பசியிலும் பிச்சையெடுப்பளோ, அடிபடுவளோ என்றெண்ணி இரவுகளில் நெஞ்சுடைந்தார். தூக்குமேடை ஏறும்போது கால் நடுங்கி விசுவாசத்திற்கு இழுக்குத் தேடுவேனோ என்றும் அஞ்சினார். இவற்றையெல்லாம் அவர் மறைத்தாரல்லர். 1666-இல் சிறையிலிருந்தே வெளியிட்ட தம் ஆத்தும சரித்திரத்தில் எழுதிவைத்தார். அச்சமற்றவரே சாட்சி பகரத் தகுதியுடையவர் என்பது தவறு. அஞ்சியும் அன்பு மிகுந்தும், பொய்வாக்குக் கொடாதிருந்தமையே அவர் பெருமை. பிள்ளைகளைத் தேவனிடம் ஒப்புவித்த அவர், கைகட்டி வாளா இருந்தாருமல்லர். சிறையிலிருந்தே நாடாக்களின் முனைக்கு உலோகப் பூண் பூட்டி, பல நூறு கட்டுக்கள் செய்து விற்று அவர்களைப் போஷித்தார். வேதமும், ஜான் பாக்ஸ் எழுதிய இரத்தசாட்சிகளின் சரித்திரமும் அவர்தம் புத்தகசாலை; உடனிருந்த சிறையாளர் அவர்தம் சபை.

1672-இல் அரசர் வெளியிட்ட அறிக்கையால் விடுதலை வந்தது. பெட்போர்டுச் சபையார் அவ்வாண்டிலேயே அவரைப் போதகராகத் தெரிந்துகொண்டனர். மறுவருடம் அவ்வறிக்கை மீட்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப்பின் மறுபடியும் ஏறக்குறைய ஆறு மாதம் சிறையிருந்தார். 1678-இல் மோட்சப் பிரயாணத்தின் முதற் பாகம் வெளிவந்தது; இரண்டாம் பாகம் 1684-இல் வந்தது. சுமை தாங்கிப் புறப்பட்ட யாத்திரிகனின் கதையில், மாயச் சந்தையில் உண்மையன் கொலையுண்பதைப் படிக்குங்கால், நீதிமன்றக் கூண்டில் நின்றவர் கையெழுத்து அது என்பது புலனாகும்.

1684-இல் பாடுபடுவோர்க்கு ஆலோசனையாகவும் ஒரு நூல் எழுதினார். அதன் கருத்துக்கள் கருதற்பாலன. முதலாவது, நீதியினிமித்தம் வரும் பாடு வேறு, நம் குற்றத்தினாலும் துடுக்கினாலும் வரும் பாடு வேறு, இரண்டையும் மயங்கலாகாது. இரண்டாவது, பாடுகளை வலியச் சென்று தேடவேண்டுவதில்லை. தப்புதலும் பாவமன்று, நிற்றலும் பாவமன்று. உண்மையை மறுதலித்தலே ஆகாது. மூன்றாவது, துன்புறுத்துவோரைப் பகையாது நன்மை செய்தல் வேண்டும். தாம் ஓடாது நின்றவர், ஓடியவரைக் குறைகூறவில்லை என்பதை நாம் கவனித்தல் தகும். அவர் விவேகமும் உடையவர்; 1685-இல் மீண்டும் உபத்திரவம் வரக்கூடுமென்று கருதி, தம் உடைமையனைத்தையும் மனைவியார் பெயருக்கு எழுதிவைத்தார்.

1688 ஆகஸ்டில், பிணங்கியிருந்த ஒரு தந்தையையும் மகனையும் ஒப்புரவாக்கும்படி ரெடிங் நகருக்குச் சென்று, லண்டனுக்குக் குதிரைமேல் வருகையில் பெருமழையில் நனைந்தார். சுரங்கண்டு, நண்பரொருவர் இல்லத்தில் அம்மாதம் 31-ஆம் நாள் உயிர் நீத்தார். பன்ஹில் பீல்ட்ஸ் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மறுவருடமே, 1689-இல், அவர் போன்றார்க்கு வழிபாட்டுரிமை நல்கும் சட்டம் நிறைவேறியது. அதனை அவர் கண்டிலர்.

அன்பர்களே, இச்சரித்திரத்தில் நாம் பன்யனின் பக்கத்தில் மட்டுமே நம்மை நிறுத்திப் பார்த்தல் போதாது. நீதவானின் பக்கத்திலும் நின்று பார்த்தல் வேண்டும். அவர்களும் வேதம் வாசித்தனர்; நாட்டின் அமைதியைக் காப்பதாகவே நம்பினர். நேற்று நெருக்குண்டவர் இன்று நெருக்கத் தொடங்குதல் எத்துணை எளிது! நமக்குத் துன்பம் நேருங்கால், பொய்க்கும் இணங்காது, வாளையும் எடாது நிற்கும் வரத்தை வேண்டுவோமாக. அதிகாரம் நம் கைக்கு வருங்கால், பிறன் மனச்சாட்சியைப் பூட்டிவைக்கும் திறவுகோலாக அதனை ஆக்காதிருக்கும் வரத்தை அதனினும் ஊக்கமாய் வேண்டுவோமாக.