கரிசல் வீட்டுச் சுவரில் நிறைந்த குளம்

நிலக்காட்சிக்குள் புராண மாந்தரை நிறுத்தி, காண்போர் உள்ளத்தில் ஓர் உணர்வுநிலையை எழுப்பும் கலைக்கு 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் கமீல் கொரோவை எடுத்துக்காட்டாகக் கூறுவர். பனி படர்ந்த விடியலில் அவர் வனதேவதைகளை ஆடவிட்டார். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் நினைவு வருகிறது.

1898-இல் சென்னையில் பிறந்த கொண்டையராஜு, சென்னைக் கலைப் பள்ளியில் ஐரோப்பிய ஓவிய முறையைக் கற்றார். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் தங்கினார். பிறகு நாடகக் குழுவொன்றில் சேர்ந்து காட்சித் திரைகள் தீட்டினார். 1940-களில் குழு கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா உள்ளிட்ட சீடர்கள் அவரைச் சுற்றி உருவாயினர். அவர்கள் தீட்டிய தெய்வ உருவங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாக நாடெங்கும் பரவின.

நாடகத் திரையில் பழகிய மலையும் ஆறும் தெய்வங்களின் பின்னணியாயின. கொரோவின் ஓவியத்தில் மரங்கள் ஓங்கி நிற்க, தேவதைகள் சிறுத்துத் தெரிவர். அங்கு நிலவுவது கனவின் மென்சோகம். கொண்டையராஜுவின் ஓவியத்தில் தெய்வமே பெரிது. அது வணங்குவோரை நேர்நோக்கி நிற்கும். நிலம் அதன் அருளைச் சொல்லும் சாட்சி. அங்கு நிலவும் உணர்வு செழிப்பு.

அச்செழிப்பின் பொருளைக் காரியாபட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயி நன்கறிவார். கண்மாய் வறண்ட ஆண்டிலும் அவர் வீட்டுச் சுவரில் நிறைந்த குளத்தில் தாமரைமேல் திருமகள் வீற்றிருந்தாள். கடைக்காரர் புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுத்த தாள் அது. விலையில்லாப் பொருளுக்கு மதிப்பில்லை என்பதைப் பொருளியல் மாணவனான என்னால் ஏற்க இயலாமற் போனதற்கு இந்தத் தாளும் ஒரு காரணம். ஆண்டு முடிந்ததும் தேதித் தாள்கள் குப்பைக்குப் போயின. படமோ கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து பூசையறை சேர்ந்தது.

கொண்டையராஜு 1976-இல் மறைந்தார். ‘காலண்டர் படம்’ என்பது இன்றும் கற்றோரிடையே ஏளனச் சொல்லே. கொரோவின் ஓவியங்களை அருங்காட்சியகங்கள் காக்கின்றன. நம் ஓவியரின் படங்களோ விளக்குப் புகை படிந்து, வீடு இடிக்கப்படும்போது குப்பையோடு போகின்றன. எஞ்சிய மூலங்களையும் பழைய அச்சுப் பிரதிகளையும் திரட்டிக் கரிசல் மண்ணிலேயே ஒரு காட்சிக்கூடம் அமைப்பது அரசுக்குப் பெருஞ்செலவாகாது. மழைக்கு ஏங்கிய மக்கள் எதை அழகென்று கண்டார்கள் என்பதற்கு அவற்றைவிடத் தெளிவான சான்று நம்மிடம் இல்லை.