ஆர். கே. நாராயணின் நாட்பொழுது

1906-இல் சென்னைப் புரசைவாக்கத்திற் பிறந்து, ஆங்கிலப் புனைகதையாற் பெரும்புகழ் எய்திய ஆர். கே. நாராயணின் இளமை மைசூரில் கழிந்தது. தந்தையார் ஆங்குத் தலைமையாசிரியர். ஆதலின் பள்ளி நூலகத்து நூல்களும், கடல் கடந்து வந்த இதழ்களும் அவர்க்கு எளிதிற் கிட்டின. நாளெல்லாம் படித்தார், எனினும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஒருமுறை தவறினார்!

1930-இல் பட்டம் பெற்று நாவல் எழுதத் தொடங்கினார். மணமானபின் பொருள் வேண்டி, சென்னை ‘ஜஸ்டிஸ்’ நாளிதழின் மைசூர்ச் செய்தியாளரானார். பிராமணரல்லாதார் நலம் பேசிய அவ்விதழுக்குப் பிராமண இளைஞரொருவர் உழைத்தது வியப்பே. காலையில் நீதிமன்றம், காவல் நிலையம், நகராட்சி அலுவலகம் எனச் சுற்றுவார். பிற்பகலில் செய்தி எழுதித் தபாலிற் சேர்ப்பார். அச்சேறிய நீளத்தை அளந்தே கூலி. மால்குடியின் வழக்கறிஞரையும் கடன் கொடுப்போரையும் அவர் கதைகளிற் காணுங்கால், அவ்வலைச்சல் வீண்போகவில்லையென்றே தோன்றுகிறது.

அதே தபால், அவர்தம் முதல் நாவலை ஏலாத இலண்டன் பதிப்பாளரின் கடிதங்களையும் கொணர்ந்தது. மனம் வெதும்பி, ஆக்ஸ்போர்டிற் பயின்ற நண்பர் பூர்ணாவுக்கு, கைப்பிரதியைக் கல்லொடு கட்டித் தேம்ஸ் ஆற்றில் அமிழ்த்துமாறு எழுதினார். நண்பர் அது செய்திலர். கிரஹாம் கிரீனிடம் காட்டினார். அவர் பரிந்துரைக்க, 1935-இல் ‘சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்’ இலண்டனில் வெளிவந்தது, விலைபோனவை சிலவே.

1960-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். 2001-இல் சென்னையில் மறைந்தார். புகழ் வந்தபின்னும், மைசூர்க் கடைத்தெருவில் நடந்து பலரொடு அளவளாவும் வழக்கத்தை நெடுங்காலம் விட்டிலர்.